நல்லா விசாரிச்சுக்கிடுங்க

வண்டியின் முகப்பில் அந்த மஞ்சள் விளக்கு முதன்முதலில் எரிந்தபோது ஆவுடைநாயகம் வண்டியைச் சந்தேகப்படவில்லை. ஆட்களைத்தான் சந்தேகப்பட்டார். அது அவருடைய சுபாவம். தொழில் நோய் என்றும் சொல்லலாம்.

ஆழ்வார்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார்; வீடு பாளையங்கோட்டையில். அதைவிட அவருக்குப் பேர் வாங்கித் தந்தது பறக்கும் படை. இருபத்திரண்டு வருடமாகப் பொதுத்தேர்வுக் காலத்தில் ஊர் ஊராகப் போய்ப் பிட்டுப் பிடித்தவர். சாக்ஸுக்குள் பிட்டு, ஜாமெட்ரி பாக்ஸின் மூடிக்குள் பிட்டு, ஒருமுறை ஒருவன் நெற்றி விபூதிக் கோட்டுக்குக் கீழே எழுதியிருந்த சமன்பாட்டைக்கூட அழித்துவிட்டு வந்திருக்கிறார். அதனால் எதிரே வருகிறவர் சிரித்தால் இவர் பதிலுக்குச் சிரிப்பதற்கு முன்னால் அவருடைய சட்டைக் கைமடிப்பைப் பார்த்துவிடுவார். கல்யாண வீட்டில் சந்தனம் கொடுத்தால்கூட முகர்ந்து பார்த்துத்தான் பூசுவார்.

விளக்கில் ஒரு சின்ன கார் படம். அதன் பின்னால் நெளிநெளியாக இரண்டு கோடுகள்.

"இது என்னங்க, காருக்கு ரெண்டு வாலு முளைச்சிருக்கு?" என்றாள் பக்கத்தில் இருந்த வடிவம்மாள்.

"வாலு இல்ல. ட்ராக்‌ஷன் கன்ட்ரோல். சக்கரம் வழுக்குனா அதுவே கண்டுபிடிச்சு இஞ்சினை அடக்கும்."

"இப்ப வழுக்குதா?"

வழுக்கவில்லை. அதுதான் விஷயம். பாளையங்கோட்டைத் தெருவில், பட்டப்பகலில், சொட்டு மழை இல்லாமல், மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டரில் போய்க்கொண்டிருந்தார்கள். விளக்கு படபடவென்று மின்னியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி முனகியதே தவிர முன்னால் போகவில்லை. மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய சின்ன எஸ்.யூ.வி. "மலைக்கும் ஏறும், மணலுக்கும் ஏறும்" என்று சொல்லித்தான் விற்றார்கள். அன்றைக்கு அது பால் பண்ணை வாசலில் இருந்த வேகத்தடையில் ஏற மறுத்தது.

இருபத்தொன்பது வருடமாக உராய்வு விசை பாடம் எடுத்தவரை உராய்வே கைவிட்டுவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் பேச்சாகிவிடுமே என்ற பயத்தில் அவர் யாரிடமும் சொல்லவில்லை. கம்பெனி சர்வீஸுக்குக் கொண்டுபோனார். கழுத்தில் டை கட்டிய பையன் கையில் இருந்த பலகையைப் பார்த்தபடியே, "மொத்த யூனிட்டையும் மாத்தணும் சார்" என்றான். வண்டிக்குக் கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. கேள்வியைப் படிக்காமல் விடை எழுதுகிறவனை ஆவுடைநாயகம் என்றைக்கும் நம்பியதில்லை. திரும்பி வந்துவிட்டார்.

வந்ததும் ஒரு நோட்டுப் போட்டார். விளக்கு எரிந்த தேதி, நேரம், இடம், வண்டியில் யார் யார். ஐந்து வாரத்தில் பதினேழு முறை. பதினேழையும் வரைபடத் தாளில் புள்ளி வைத்தபோது அவருக்கு முதுகுத்தண்டு சிலிர்த்தது. பதினேழில் பதினொன்று வண்ணார்பேட்டையில். அதிலும் பைபாஸ் ரோட்டில், ஒரே இருநூறு மீட்டருக்குள். அந்த இருநூறு மீட்டருக்கு நடுவில் ஒரு கடை. 'முத்துராணி ஆட்டோ எலெக்ட்ரிக்கல்ஸ்.'

பாதாளச் சாக்கடைக்காக அந்த ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஆட்டோவில் போகிறவர்கள் பல்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் போக முடியும். அதை அவர் கவனிக்காமல் இல்லை. ஆனால் ரோடு ஒரு ஆள் இல்லையே. ரோட்டுக்கு அவர்மேல் என்ன கோபம் இருக்க முடியும்?

முத்துராணிக்கு இருக்க முடியும்.

இரண்டு மாதத்துக்கு முன் வண்ணார்பேட்டையில் பேட்டரி செத்துப்போய் வண்டி நின்றபோது, பக்கத்தில் இருந்த கடை என்று அங்கே போனார். சுடிதாருக்கு மேலே காக்கிச் சட்டை மாட்டிய முப்பது வயதுப் பெண் ஒருத்தி பேட்டரியை மாற்றினாள். ஸ்பானரால் கடைசித் திருகு திருகியபடியே சிரித்துக்கொண்டு, "சார், என்னையத் தெரியலையா? பன்னெண்டாம் கிளாஸ் பரீட்சையில என்னையப் பிடிச்சியள்லா. ஜாமெட்ரி பாக்ஸு" என்றாள்.

பதினான்கு வருடம். அந்த வருடம் அவளுடைய தேர்வு ரத்தானது. அடுத்த வருடம் எழுதிப் பாஸாகி, டிப்ளமோ படித்து, இங்கே கடை போட்டிருக்கிறாள். இதையெல்லாம் அவளே சந்தோஷமாகச் சொன்னாள். சந்தோஷமாகச் சொன்னதுதான் அவரை உறுத்தியது. திட்டியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். அவள் கைபட்ட பதினெட்டாம் நாள் விளக்கு எரிந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஏதோ ஒரு கருவியைப் பொருத்தியிருக்கிறாள், வண்டி கடையைத் தாண்டும்போது போனில் இருந்து அமுக்குகிறாள் என்பது அவருடைய முதல் கருதுகோள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'சந்தேகத்துக்குரியோர்' என்று தலைப்பிட்டு, முதல் பெயராக அவளைத்தான் எழுதினார். பிறகு பரீட்சை ஹால் முறைப்படி பொறி வைத்தார். சக்கரத்துப் போல்ட்டுகளில் நகப்பூச்சு வைத்தார், யாராவது கழற்றினால் தெரியும். பானெட்டின் இடுக்கில் ஒரு முடியைக் குறுக்கே ஒட்டினார், யாராவது திறந்தால் அறுந்துவிடும். முடிக்கு அவர் தலையில் வழியில்லை. வடிவம்மாளிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.

"எதுக்கு?"

"வண்டிக்கு."

"வண்டிக்கு முடியா? முருகா! காணிக்கையா செலுத்தப் போறிய?" என்று அவள் சீப்பையே கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

நகப்பூச்சு உரியவில்லை. முடி அறுபடவில்லை. விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. குற்றவாளி கெட்டிக்காரி என்று ஆவுடைநாயகம் முடிவு செய்தார்.

இந்தச் சமயத்தில்தான் பள்ளிச் செயலர் தேவசிகாமணி போனில் கூப்பிட்டார். அம்பாசமுத்திரத்தில் இரும்புக்கடை வைத்திருப்பவர்; பள்ளிக்கூடமும் அவர் குடும்பத்தார் நடத்துவதுதான்.

"சார்வாள், நம்ம வேன் மூணுக்கும் கரண்டு வேலை பாக்க நிரந்தரமா ஒரு ஆளு வேணும். வண்ணார்பேட்டையில முத்துராணின்னு ஒரு பிள்ளை நல்லா பாக்குதாம்லா. நீரும் அங்கன போயிருக்கீராமே. ஆளு எப்படி வே?"

ஆவுடைநாயகம் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "நல்லா விசாரிச்சுக்கிடுங்க அண்ணாச்சி."

அவ்வளவுதான் சொன்னார். இந்தப் பக்கத்தில் யாரும் யாரைப் பற்றியும் கெட்டது சொல்வது கிடையாது. அது மரியாதை இல்லை. மாப்பிள்ளை எப்படி, டாக்டர் எப்படி, வாடகைக்கு வருகிறவர் எப்படி என்று கேட்டால், பிடிக்காதவர்கள் இந்த இரண்டு வார்த்தையைத்தான் சொல்வார்கள். கேட்டவர் அதற்குப் பிறகு விசாரிக்கவே மாட்டார். விசாரித்து முடிந்துவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம். இந்த இரண்டு வார்த்தையில் கல்யாணங்கள் நின்றிருக்கின்றன. பந்தல்காரருக்குச் சொல்லி அனுப்பிய பிறகுகூட.

"அப்படியா சங்கதி" என்றார் தேவசிகாமணி. "சரி, வெள்ளிக்கிழமை கமிட்டியில பேசி முடிச்சிருவோம்."

வியாழக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வண்ணார்பேட்டை ரவுண்டானாவைத் தாண்டியதும் விளக்கு எரிந்தது. வழக்கம்போல் மின்னிவிட்டு அணையவில்லை, நிலையாக எரிந்தது. வண்டி இரண்டு இருமல் இருமிவிட்டு ரோட்டுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டது. பின்னால் சீவலப்பேரி டவுன் பஸ். ஓட்டுநர் ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவில்லை. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார்.

"அண்ணாச்சி! இழுவை இல்லன்னா முன்னால ஒரு மாட்டக் கட்டுங்க!"

"சாவியைத் திருப்புங்க வே!" என்றது ஜன்னல் ஒன்று. "அவாள் வண்டி வாங்கலடே, வண்டிதான் அவாள வாங்கியிருக்கு" என்றது இன்னொன்று. கடைசியில் பஸ்ஸில் இருந்து நாலு பேர் இறங்கி வந்து தள்ளினார்கள். எங்கே தள்ளுவது என்று அவர்கள் ஆவுடைநாயகத்திடம் கேட்கவில்லை. ஐம்பது அடியில் ஒரு மெக்கானிக் கடை இருக்கும்போது கேட்பதற்கு என்ன இருக்கிறது? ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, "அங்கன வேண்டாம், அங்கன வேண்டாம்" என்று அவர் சொல்லச் சொல்ல, வண்டியை முத்துராணியின் கடைக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டு, அவர்கள் கையைத் தட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள்.

"வாங்க சார்!" என்றாள் முத்துராணி. "தள்ளிக்கிட்டே வந்துட்டிய! எத்தனை நாளா இப்படி?"

உனக்குத் தெரியாதா என்பது நாக்கு நுனி வரை வந்தது. "ஆறு வாரமா" என்றார்.

"ஆறு வாரமா! என்கிட்ட கொண்டு வரப்படாதா?"

அவள் ஒரு கருவியை ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினாள். திரையில் நாலு எண்கள் ஓடின. வண்டியைப் பைய முன்னும் பின்னும் உருட்டச் சொன்னாள். மூன்று எண்கள் ஒழுங்காக ஏறி இறங்கின. ஒன்று மட்டும் இஷ்டத்துக்குத் துள்ளியது, அப்புறம் பூஜ்யத்துக்கு விழுந்தது.

"வலது முன் சக்கரம் சார். நாலு சக்கரமும் ஒரே கணக்குச் சொல்லணும். ஒண்ணு மட்டும் வேற மாதிரிச் சொன்னா வண்டி நம்பாது. வழுக்குதுன்னு நினைச்சு இஞ்சினோட கழுத்தைப் பிடிச்சிரும். பாவம், அந்தச் சக்கரம் ஒழுங்காத்தான் ஓடுது. அதப் பத்தி வர்ற சேதிதான் தப்பு."

ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினாள். போல்ட்டில் இருந்த சிவப்பு நகப்பூச்சைப் பார்த்து ஒரு கணம் நின்றாள். ஆவுடைநாயகம் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். எந்த நொடியிலும் அந்தக் கருவியை எடுத்து மறைக்கப் பார்ப்பாள் என்று காத்திருந்தார்.

"ஹால்ல நிக்க மாதிரியே நிக்கிய சார்" என்றாள் திரும்பாமலே. பிறகு, "இந்தா இருக்குல்லா, சின்னதா, இதுதான் சென்சாரு. சக்கரம் சுத்துதத எண்ணிச் சொல்லும். காந்தத்தை வச்சுத்தான் எண்ணும்" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். "சார்… இது என்னது?"

சென்சாரை ஒட்டி, இரும்போடு இரும்பாக, உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக ஒன்று அப்பிக்கொண்டிருந்தது. சேறும் கறுமணலும் அதற்குத் தாடி வளர்த்திருந்தன. தாடிக்குள் ஒரு ஹேர்பின், இரண்டு சோடா மூடி, ஒரு பிளேடுத் துண்டு.

ஆவுடைநாயகத்துக்கு அது என்ன என்று தெரிந்தது. அவர் வைத்ததுதான்.

பேட்டரி மாற்றியதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அந்த வாரம் முக்கூடல் ரோட்டில் இரண்டு முறை பஞ்சர். இரண்டு முறையும் ஜேசுதாசனின் பஞ்சர் கடைக்கு அரைக் கிலோமீட்டர் முன்னால். ரோட்டில் ஆணி போடுவதே அவர்தான் என்று ஆவுடைநாயகத்துக்குத் தோன்றிவிட்டது. உடைந்த ஸ்பீக்கரில் இருந்து எடுத்து ஆய்வகத்தில் போட்டு வைத்திருந்த கெட்டிக் காந்தத்தைச் சக்கரத்துக்கு முன்னால் வைத்தால், டயருக்கு முன் அது ஆணியைப் பிடித்துவிடும். வண்டிக்கும் ஒரு பறக்கும் படை! ஒட்டக்கூட வேண்டியிருக்கவில்லை, இரும்பைக் கண்டதும் அதுவே கவ்விக்கொண்டது. அன்றைக்குத் தன் மூளையை நினைத்து இரண்டு இட்லி அதிகமாகச் சாப்பிட்டார். அந்தக் காந்தம்தான் வண்ணார்பேட்டைப் பள்ளங்களில் குலுங்கிக் குலுங்கி, பைய நகர்ந்து, சென்சார் பக்கத்தில் போய்க் குடியேறியிருக்கிறது. முதுகலை இயற்பியல். காந்தவியல் அலகை எடுக்கும்போது சாக்பீஸ் தூள் பறக்கும் என்று பேர்.

இத்தனை வாரத்தில் ஒரு ஆணிகூட அதில் மாட்டியிருக்கவில்லை.

"யாரோ…" என்று ஆரம்பித்தது அவர் வாய், அவரைக் கேட்காமலே. "யாரோ வச்சிருக்காங்க."

முத்துராணி காந்தத்தைப் பிடுங்கி எடுத்து, அழுக்குத் துணியால் முன்னும் பின்னும் துடைத்தாள். பின்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கவிழ்த்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"வேணும்னே வச்சிருக்காவ சார். உங்களுக்கு ஆகாதவங்க யாரும் இருக்காவளா?"

சட்டைப் பையில் இருந்த நோட்டின் கடைசிப் பக்கம் அவர் நெஞ்சில் சுட்டது. "அப்படி யாரும் இல்லம்மா."

"நல்லா யோசிச்சுப் பாருங்க. போலீஸ்ல சொல்லணும்னா சொல்லுங்க. ஆனா நான் எல்லாத்தையும் துடைச்சுட்டேன், கைரேகை கிடைக்காது." காந்தத்தை ஒரு பழைய பேப்பரில் சுற்றி அவரிடம் கொடுத்தாள். "நல்ல வேளை சார். நடுவுல பேட்டரி மாத்துனது நானு. வேற ஆளா இருந்தா என்னையத்தான் சந்தேகப்பட்டிருப்பாவ. நீங்கன்னதால நம்பி என்கிட்டயே கொண்டு வந்திய."

கொண்டு வரவில்லை, நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள் என்று அவர் திருத்தவில்லை.

சக்கரத்தை மாட்டும்போது அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். பொம்பளப் பிள்ளை கடை என்று பாதிப்பேர் வாசலிலேயே வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். மீதிப்பேர் "அண்ணன் இல்லையாம்மா?" என்று கேட்கிறார்கள். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். போனால் கடையை மூடிவிட்டுத்தான் போக வேண்டும். "ஆழ்வார்குறிச்சி உங்க பள்ளிக்கூடந்தானே சார்? அந்த மூணு வேனும் கிடைச்சிட்டா, பிள்ளையள் போற வண்டியவே நம்பிக் குடுத்திருக்காவன்னு மத்தவங்களும் வருவாவ. நாளைக்குச் சொல்லுதாவளாம். கிடைக்கலன்னா மாசக் கடைசியில ஓசூருதான்."

"கிடைக்கும்" என்றார் ஆவுடைநாயகம்.

வீட்டில் அவர் சொல்லி முடிக்கும் வரை வடிவம்மாள் சொதிக் கரண்டியை அந்தரத்தில் பிடித்துக்கொண்டே நின்றாள். காந்தம் வரைக்கும் வாய்விட்டுச் சிரித்தாள். தேவசிகாமணியிடம் சொன்ன இரண்டு வார்த்தையைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. கரண்டி பாத்திரத்துக்கே திரும்பிப் போனது.

"அவ கண்ணுக்கு முன்னாடி உண்மையச் சொல்லாம, பேப்பர்ல சுத்தி வாங்கிட்டு வந்திருக்கிய?"

"வாய் வரலட்டி."

"விசாரிக்கச் சொல்லுததுக்கு மட்டும் வந்துச்சாக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குள் போனாள். அன்றைக்கு அவர் வெறும் சோற்றைத்தான் சாப்பிட்டார். சொதியைக் கேட்க அவருக்கு முகம் இல்லை.

மறுநாள் கமிட்டி பதினோரு மணிக்கு. ஒன்பதரைக்கே செயலர் அறைக்குள் போனார். வேனைப் பற்றி விளக்கமாகச் சொன்னார். முத்துராணி மாதிரி வேலைக்காரி ஜில்லாவிலேயே கிடையாது, கெட்டிக்காரி, நேர்மை, தங்கம் என்று அடுக்கினார். தேவசிகாமணி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"சார்வாள், போன வாரம் விசாரிக்கச் சொன்னீரு. இந்த வாரம் தங்கம்ங்கீரு. நடுவுல என்ன வே நடந்துச்சு?"

"நான் சொன்னது தப்பு அண்ணாச்சி."

"நீரு தப்புன்னு சொல்லி இந்தப் பள்ளிக்கூடத்துல யாராவது கேட்டிருக்கோமா? அந்தப் பிள்ளை உமக்கு ஏதாவது செஞ்சு குடுத்துச்சா? இல்ல, சொந்தமா? வெளிப்படையாச் சொல்லும். நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களைப் பார்த்த பார்வையை ஆவுடைநாயகம் அன்றைக்குத்தான் எதிர்ப்பக்கத்தில் இருந்து பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் உண்மையும் பொய்யும் ஒரே மாதிரித்தான் வியர்க்கும் போல.

வேறு வழியில்லாமல் சொன்னார். ஜேசுதாசனில் தொடங்கி, காந்தம், நோட்டு, நகப்பூச்சு, பானெட்டில் ஒட்டிய முடி, எல்லாவற்றையும். தேவசிகாமணி பொறுமையாகக் கேட்டார்.

"கதை நல்லாருக்கு" என்றார். "எம்.எஸ்சி. படிச்ச மனுஷன் தன் வண்டிக்குத் தானே காந்தத்தைக் கட்டிக்கிட்டு ஊர்ல உள்ளவன எல்லாம் சந்தேகப்பட்டாராம். எவன் நம்புவான்? அந்தப் பிள்ளைய காப்பாத்த நீரு ஏதோ சொல்லுதீரு."

"அப்ப வாங்க. காட்டுதேன்."

விளையாட்டு மைதானத்துக்கு வண்டியைக் கொண்டுவந்தார். ஒன்பதாம் வகுப்பு ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. பேப்பரைப் பிரித்து, காந்தத்தை வலது சக்கரத்துக்கு உள்பக்கம் கையை விட்டு வைத்தார். தேவசிகாமணியை முன்சீட்டில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டினார்.

விளக்கு எரியவில்லை. வண்டி சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளையைப் போல ஓடியது.

"பாத்தீரா?" என்றார் செயலர்.

ஆறு வாரமாக அந்த விளக்கு எரியக்கூடாது என்று சாமி கும்பிட்டவர், இப்போது எரிய வேண்டும் என்று நெல்லையப்பரை நினைத்துக்கொண்டு இறங்கினார். வெள்ளைச் சட்டையோடு தரையில் முழங்காலிட்டு, காந்தத்தை இரண்டு விரற்கடை மேலே தள்ளி, சென்சாருக்குப் பக்கத்தில் வைத்தார். மறுபடி ஓட்டினார். பாதி மைதானம் தாண்டியிருக்கும். காரும் இரண்டு வாலும் மஞ்சளாக மின்னின. வண்டி முனகியது, திணறியது, கோல் கம்பத்துக்கு முன்னால் ஆமை மாதிரி நகர்ந்தது. ஜன்னல்களில் இருந்து ஓ என்று சத்தம் எழுந்தது. பிள்ளைகளுக்கு எதற்கு என்று தெரியாது; சாருடைய வண்டி நின்றாலே அவர்களுக்குப் போதும்.

காந்தத்தை எடுத்தார். வண்டியை அணைத்து, மறுபடி சாவி போட்டு ஓட்டினார். விளக்கு அணைந்தது, வண்டி பறந்தது. தேவசிகாமணி சிரிக்க ஆரம்பித்தார். முதலில் வயிறு குலுங்கியது, அப்புறம் இருமல் வந்தது, கடைசியில் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போதும் வே, போதும். இவ்வளவு கேவலத்தை ஒருத்தன் பொய்க்காகப் பட மாட்டான். வேன் வேலை அந்தப் பிள்ளைக்குத்தான், கமிட்டியில நான் சொல்லிக்கிடுதேன். நீரே போன் போட்டுச் சொல்லிரும்." காந்தத்தைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தவர் மறுபடி இரும ஆரம்பித்தார். "சார்வாள்! இது பள்ளிக்கூடத்துச் சாமான்லா!"

காந்தத்தின் பின்பக்கத்தில் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருந்தது: 'இயற்பியல் – 7'. ஆய்வகச் சாமான் களவு போகக்கூடாது என்று ஆவுடைநாயகமே தன் கையால் எழுதிய எழுத்து.

சேறு இருந்த வரைக்கும் அது தெரிந்திருக்காது. துடைத்த பிறகு? முன்னும் பின்னும் துடைத்து, பின்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்து, கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு அவள் கேட்ட கேள்விகள் எல்லாம் ஒவ்வொன்றாக அவர் காதில் திரும்ப ஒலித்தன. ஆகாதவங்க யாரும் இருக்காவளா சார்? கைரேகை கிடைக்காது சார்.

செயலர் உள்ளே போனதும் வண்டியின் மேல் சாய்ந்துகொண்டு போன் போட்டார்.

"முத்துராணி, வேன் மூணும் உனக்குத்தான். திங்கக்கிழமை வந்து பாத்துக்கிடு."

அந்தப் பக்கம் ஏதோ ஒரு மெஷின் சத்தம் நின்றது. "நெசமாவா சார்?" என்றாள். குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீங்க சொன்னியளாக்கும்?" என்றாள்.

"நான் முதல்ல வேற மாதிரிச் சொல்லி வச்சிருந்தேம்மா. அதை மாத்தத்தான் காலையில இருந்து… அந்தக் காந்தம் என்னோடது."

"எழுத்தப் பாத்தேன் சார்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்லா."

"நீங்களாச் சொல்லுவியன்னு இருந்தேன். சொல்லலன்னாலும் போகட்டும்னுதான் துடைச்சுக் குடுத்தேன். சார், ஒண்ணு கேக்கணும். அதுல ஏழுன்னு போட்டிருந்துச்சு. எட்டு எங்கன இருக்கு?"

சாய்ந்திருந்த ஆவுடைநாயகம் வண்டியை விட்டு நிமிர்ந்தார்.

"ஒத்தைச் சக்கரத்துக்கு மட்டும் காவல் போடுத ஆளா சார் நீங்க? இடது பக்கம் இருக்குல்லா?"

இருந்தது. நேற்றே எடுத்திருக்கலாம். எடுக்காததற்குக் காரணம், முத்துராணி குற்றமற்றவள் என்று நிரூபணமானதே தவிர ஜேசுதாசனைப் பற்றி இன்னும் எதுவும் நிரூபணமாகவில்லை என்பதுதான்.

"சாயங்காலம் எடுத்துருதேன்."

"இப்பமே எடுங்க சார். நான் போன்லயே இருக்கேன்."

ஒன்பதாம் வகுப்பு இன்னும் ஜன்னலில்தான் இருந்தது. அவர் கைக்குட்டையைத் தரையில் விரித்து, மல்லாந்து படுத்து, இடது சக்கரத்துக்குள் கையை நுழைத்தார். போனை நெஞ்சில் வைத்திருந்தார்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"ஆணி ஏதும் மாட்டியிருக்கா?"

கறுமணலைத் தள்ளிப் பார்த்தார். மாட்டியிருந்தது. ஒரே ஒரு ஆணி, புத்தம் புதுசு, வளையக்கூட இல்லை. படுத்த வாக்கிலேயே அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். முக்கூடல் ரோடு கண்ணுக்கு முன்னால் வந்தது. பஞ்சர் கடை வந்தது. "என்ன அண்ணாச்சி, மறுபடியுமா?" என்று கேட்டுக்கொண்டே ஓடிவரும் ஜேசுதாசனின் முகம் வந்தது. அந்த முகத்தில் சிரிப்பு இருந்தது.

"சார்? லைன்ல இருக்கியளா?"

"ஒண்ணு இருக்கு" என்றார் ஆவுடைநாயகம். பிறகு ஆணியைத் தூக்கிப் பிடித்திருந்த கையை இறக்கி, "ரோடுன்னா ஆணி கிடக்கத்தானே செய்யும்" என்றார்.